டிரெய்லர் வீட்டை இழுத்துக்கினு டிசம்பர்ல மிச்சிகன்ல இருந்து ஃப்ளோரிடா: ஓட்டுனவங்க சொல்லுங்க

டோல்கேட் டிரைவர் (திருவொற்றியூர்)

எல்லாருக்கும் வணக்கம். ஹார்பர்ல கன்டெயினர் டிரெய்லர் ஓட்டி ரிட்டையர் ஆனவன் நான். ஜீரோ கேட்டுக்கு லைன்ல நின்னு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்லயே தூங்கி எழுந்து பல்லு வெளக்குன கூட்டம். 20 அடி, 40 அடி ரெண்டும் கை பழகுனது. அதனால டிரெய்லர்னா இன்னான்னு ஆரம்பத்துல இருந்து பாடம் எடுக்க வேணாம். எனக்குத் தெரியாதது வேற.

பொண்ணும் மாப்ளையும் டெட்ராய்ட் பக்கத்துல இருக்காங்க. மாப்ள போன சம்மர்ல ஒரு டிரெய்லர் வீடு வாங்கிட்டார், செகண்ட் ஹேண்டு, 26 அடி. உள்ள கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் இருக்குது. இழுக்க ஒரு பிக்கப் டிரக்கு. டிசம்பர்ல நானும் வீட்டம்மாவும் அங்க போறோம். 23-ஆம் தேதி கிளம்பி, ஐ-75 ரோட்டைப் புடிச்சு நேரா தெக்கே டாம்பா. ஒரு வழி சுமார் 1,900 கிலோமீட்டர். ரெண்டே நாள்ல போயிடலாம்னு எக்செல்ல போட்டு அனுப்பியிருக்கார். முதல் நாள் கட்டத்துல 1,000-ன்னு எழுதியிருக்குது. அதைப் பாத்ததுமே எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. "நீங்களும் பாதி ஓட்டுங்க மாமா"ன்னு வேற சொல்றார்.

என் சந்தேகம் இதான். நம்ம டிரெய்லர்ல ரெண்டு வண்டியையும் கோக்குற கிங் பின்னு முன்வண்டியோட பின் அச்சு மேலயே உக்காரும். பின்னாடி லோடு ஆடுனாலும் முன்வண்டி அசையாம நிக்கும். மாப்ள அனுப்புன போட்டோல பாத்தா, பம்பருக்குக் கீழ ஒரு இரும்பு உருண்டை. அதுமேல ஒரு கிண்ணத்தைக் கவுத்து மாட்டியிருக்காங்க, அவ்ளோதான். உருண்டை பின் டயருக்கு மூணு நாலு அடி பின்னால நிக்குது. பின்வண்டி ஆடுச்சுன்னா முன்வண்டியோட பின்பக்கத்தை சைடுல தள்ளிடாதா?

அப்பால பிரேக்கு. நம்மளுது ஏர் பிரேக்கு. ஓஸ் புட்டுக்கினு காத்து இறங்குனா தானா புடிச்சிக்கும். இதுல காத்தே கிடையாதாம். பின்ன எதுல நிக்குது?

மூணாவது, ஐஸு. நான் ஐஸைப் பாத்தது காசிமேட்டுல மீன் பொட்டியில. ரோட்டுல பாத்ததில்ல.

மாப்ள கிட்ட கேட்டா, "டிரக்கு 11,000 பவுண்டு இழுக்கும் மாமா, நம்ம டிரெய்லர் ஃபுல் லோடுல 7,000 தான்"ங்கிறார். இழுக்குறதை யாரு கேட்டா? நிறுத்துறதைத்தானே நான் கேக்குறேன்.

எர்ணாவூர் எக்ஸ்பிரஸ்

தல, இன்னா தல நீ! இத்தினி வருஷம் ஓட்டுனது பத்தாதா? பொண்ணு ஊட்டுக்குப் போனா ஹீட்டராண்ட குந்திக்கினு டீயைக் குடிச்சமா, பேரனைக் கொஞ்சுனமான்னு வருவியா, அங்கயும் போயி ஸ்டியரிங்கைப் புடிக்கணும்ன்றியே. ஓட்றதுன்னா சொல்லு, நான் கிளீனரா வர்றேன்.

ஓஹையோ ஓரம் (டேட்டன்)

அண்ணா, வணக்கம். நாங்க வருஷா வருஷம் இதே ஐ-75ல குளிருக்குப் பயந்து தெற்கே போறவங்க. உங்க முதல் கேள்வியே சரியான இடத்துல விழுந்திருக்கு. இங்க புதுசா டிரெய்லர் வாங்குற பலபேர் கேக்காத கேள்வி அது.

ஆமா, தள்ளும். இங்க அதை ஸ்வேன்னு சொல்வாங்க. அது வராம இருக்கணும்னா உருண்டை மேல உக்கார்ற எடை டிரெய்லரோட மொத்த எடையில 10-ல இருந்து 15 சதவீதம் இருக்கணும். பின்பக்கம் பாரத்தைப் போட்டு அந்த எடை 10-க்குக் கீழ இறங்கினா, 90 கிலோமீட்டர் வேகத்துல ஒரு லாரி ஓவர்டேக் பண்ற காத்தே போதும், டிரெய்லர் ஆட ஆரம்பிச்சிடும். கதவுப் பக்கமா லோடு ஏத்தின கன்டெயினரை நீங்க இழுத்திருப்பீங்க, உங்களுக்குப் புரியும். இதுல இன்னும் மோசம், ஏன்னா கிங் பின் இல்ல.

ஆடிச்சுன்னா டிரக் பிரேக்கைத் தொடக்கூடாது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டக்கூடாது. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுத்துட்டு, டேஷ்போர்டுல இருக்கிற பிரேக் கன்ட்ரோலரோட லீவரைக் கையால அழுத்தணும். அது டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்கும். பின்வண்டி பின்னால இழுத்ததும் ரெண்டும் நேர்கோட்டுக்கு வந்துடும்.

பிரேக் எலக்ட்ரிக். டிரெய்லர் சக்கரத்துக்குள்ள ஒரு மின்காந்தம் இருக்கு. டிரக்குல நீங்க மிதிக்கும்போது கன்ட்ரோலர் அதுக்கு கரன்ட் அனுப்பும். நீங்க கேட்ட ஓஸ் சமாசாரத்துக்கும் வழி உண்டு. டிரெய்லர்ல இருந்து ஒரு மெல்லிய கம்பி டிரக்கோட சேஸிஸுக்கு வரும். வண்டி கழண்டுட்டா அந்தக் கம்பி ஒரு பின்னை உருவிடும், உடனே டிரெய்லர்ல இருக்கிற பேட்டரியே பிரேக்கைப் பிடிச்சிடும். அந்த பேட்டரி செத்திருந்தா ஒண்ணும் பிடிக்காது. கிளம்புறதுக்கு முன்னாடி அதைச் சோதிக்கச் சொல்லுங்க.

இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். 11,000 பவுண்டை விடுங்க, அது விளம்பர எண். டிரக்கோட டிரைவர் பக்கக் கதவைத் திறந்தா, தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆளுங்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருக்கும். அதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. எத்தனை பேர் போறீங்க?

டோல்கேட் டிரைவர்

தம்பி, ரொம்ப நன்றி. பின்வண்டி பிரேக்கைத் தனியா புடிக்க கைக்கு ஒரு லீவர் இருக்குதுன்னு கேட்டதும் பாதி பயம் போச்சு.

போட்டோ வந்துச்சு. 680 கிலோன்னு போட்டுக்கீது. இன்னா கணக்கு இதுன்னு மொதல்ல புரியல. நம்ம ஊர்ல எடை மேடையில ஏத்துனா மொத்தமா ஒரு நம்பர் வரும், ஆர்.சி. புக்ல இருக்குறதைத் தாண்டக்கூடாது, அவ்ளோதான். இங்க ஆளு, மூட்டை, அந்த உருண்டை மேல குந்துற எடை, மூணும் இந்த 680-க்குள்ள அடங்கணுமாம். டிரைவரும் இதுலதான் சேத்தியாம்.

போட்டுப் பாத்தேன். மாப்ள 82. பொண்ணு 64. நான் 71. வீட்டம்மா 68 (இதை இங்க எழுதுனேன்னு தெரிஞ்சா சோறு கிடையாது). பேரன் பேத்தி ரெண்டு பேரும் சேந்து 48. ஆக 333. டிரெய்லர் 7,000 பவுண்டுன்னா ஏறக்குறைய 3,175 கிலோ. அதுல 12 சதவீதம் 381. உருண்டை மேல குந்துற எடையை முன் அச்சுக்கும் பங்கு போட ரெண்டு பக்கமும் மாட்டுற கம்பி, தாங்கி எல்லாம் ஒரு 40. கூட்டுனா 754.

இன்னும் ஒரு பை கூட ஏத்தலபா. அதுக்குள்ள 74 கிலோ ஓவர்லோடு. இந்த லட்சணத்துல டிரக்குக்குப் பின்னாடி தொட்டியில ஜெனரேட்டர், கரி அடுப்பு, பசங்க சைக்கிள்னு லிஸ்டு போட்டு வெச்சிருக்காங்க.

மாப்ளைக்கு போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்பால, "ஆனா மாமா, எல்லாரும் இப்படித்தான் போறாங்க"ன்னார். நம்ம ஊர்லயும் ஓவர்லோடு அடிக்கிறவன் எல்லாம் இதைத்தான் சொல்லுவான். பட்டா முறிஞ்சு மணலி ரோட்டு ஓரம் சாய்ஞ்சு நிக்கிற வண்டியப் போய்க் கேளு.

எர்ணாவூர் எக்ஸ்பிரஸ்

அப்ப நான் கிளீனரா வர்றது கேன்சலு. நான் மட்டும் 94.

கல்மண்டபம் டு டாம்பா

அண்ணே, நான் ராயபுரம் கல்மண்டபத்துப் பொண்ணு, இப்ப டாம்பாவுல. உங்க கணக்கைப் பாத்து சிரிச்சேன், அப்புறம் எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவரும் எழுந்து போய்க் கதவைத் திறந்து பாத்துட்டு வந்தார்.

வழி ரொம்ப சுலபம். அண்ணி, உங்க பொண்ணு, பசங்க நாலு பேரும் ஃபிளைட்டுல டாம்பா வந்துடட்டும். டெட்ராய்ட்ல இருந்து நேர் ஃபிளைட்டு உண்டு, மூணு மணி நேரம்கூட ஆகாது. நீங்களும் மாப்ளையும் வண்டியக் கொண்டாங்க. உங்க கணக்குப்படியே 180 கிலோ குறையுது. 574-ல நிப்பீங்க. சின்னப் பசங்களை அந்தக் குளிர்ல நாலு நாள் பெல்ட் போட்டு உக்கார வெக்கிறது பாவம்ணே.

ஆமா, நாலு நாள். ரெண்டு நாள் கணக்கு காருக்குத்தான் சரி. டிரெய்லரோட ஒரு நாளைக்கு 500 கிலோமீட்டர் தாண்டாதீங்க. டிரெய்லர் டயர்ல பலதுக்கு உச்ச வேகமே மணிக்கு 65 மைல்தான், சுமார் 105 கிலோமீட்டர். பெட்ரோல் மைலேஜ் பாதியாயிடும், பங்க்குக்கு அடிக்கடி நிக்கணும். டிசம்பர்ல அங்கல்லாம் சாயந்திரம் 5 மணிக்கே இருட்டிடும்.

தண்ணி விஷயம் யாரும் சொல்லல. இப்ப அந்த டிரெய்லரோட குழாய்ல ரோஸ் கலர்ல ஆன்டிஃப்ரீஸ் ஊத்தி வெச்சிருப்பாங்க. தண்ணி ஐஸானா 9 சதவீதம் பெருக்கும், குழாய் வெடிச்சிடும், அதுக்குத்தான். ஜார்ஜியா தாண்டுற வரைக்கும் டேங்க்ல தண்ணி ரொப்பாதீங்க. கேன் தண்ணி வெச்சுக்கிட்டு சமாளிங்க. பாத்ரூமுக்கும் அந்த ரோஸ் தண்ணியையே ஒரு கேன் கொண்டாங்க. டேங்க் காலியா வந்தா இன்னொரு லாபம், 40 கேலன் டேங்க்குன்னா 150 கிலோ எடை மிச்சம். ஜார்ஜியா தாண்டினதும் குழாயைக் கழுவி விட்டுட்டு ரொப்பிக்கலாம்.

கேஸ் பத்திக் கவலை வேணாம். நம்ம வீட்டு சிலிண்டர்ல பியூட்டேனும் கலந்திருக்கும், அது ஜீரோ டிகிரிகிட்டயே ஆவியாகாம மக்கர் பண்ணும். இங்க டிரெய்லருக்கு வர்றது புரொப்பேன், மைனஸ் 42 வரைக்கும் ஆவியாகும். ஆனா ஓடும்போது சிலிண்டரை மூடிடுங்க. ராத்திரி உள்ள ஹீட்டர் போட்டுத் தூங்கும்போது கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்யுதான்னு அமுக்கிப் பாருங்க. இதுல மட்டும் அசால்ட்டு கூடாது.

எங்க தங்கப் போறீங்க? இங்க ஸ்டேட் பார்க்குன்னா இந்த ஊர்க்காரங்க 11 மாசம் முன்னாடியே புக் பண்ணலாம், வெளி மாநிலத்துக்காரங்க 10 மாசம். கிறிஸ்துமஸ் வாரத்துக்கு இப்ப தேடினா கெடைக்காது, யாராவது கேன்சல் பண்ணாத்தான் உண்டு. தனியார் எடம் பாருங்க. வழியில வால்மார்ட் பார்க்கிங்ல ஒரு ராத்திரி தங்கலாம், ஆனா கடை மேனேஜரைக் கேட்டுட்டு. சில கடையில விட மாட்டாங்க. ஃப்ளோரிடா ஹைவே ரெஸ்ட் ஏரியாவுல 3 மணி நேரத்துக்கு மேல நிக்க முடியாது, அங்க தூங்கிக்கலாம்னு வராதீங்க.

ஓஹையோ ஓரம்

அக்கா சொன்னதுதான் சரி. எடையைப் பத்தி இன்னும் ஒண்ணே ஒண்ணு. அந்த 12 சதவீதம் நாம போட்ட கணக்கு, உண்மையான எடை இல்ல. சாமான் எல்லாம் ஏத்தின பிறகு நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்ல இருக்கிற கேட் ஸ்கேல்ல ஏத்துங்க. நம்ம எடை மேடைதான், ஆனா மூணு துண்டா இருக்கும். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர்னு தனித்தனியா சீட்டு வரும். டிரெய்லரை மாட்டி ஒரு தடவை, கழட்டி ஒரு தடவை. டிரக் தனியா நின்ன எடைக்கும், மாட்டினப்போ அதோட ரெண்டு அச்சுல வந்த எடைக்கும் வித்தியாசம்தான் உருண்டை மேல உக்கார்றது. மாட்டும்போது பக்கக் கம்பியை டைட் பண்ணாம எடுங்க, அப்பதான் கணக்கு சரியா வரும்.

இனி ஐஸ். இதுக்கு ஓட்டுற சாமர்த்தியம்னு ஒண்ணு கிடையாது அண்ணா. டிரெய்லரோட ஐஸ்ல போகக்கூடாது, அவ்வளவுதான். கறுப்பு ஐஸ் கண்ணுக்கே தெரியாது, ஈரமான தார் ரோடு மாதிரி இருக்கும். பாலம்தான் முதல்ல உறையும், ஏன்னா அடியிலயும் குளிர் காத்து ஓடுது. உப்பு போட்டிருப்பாங்க, ஆனா மைனஸ் 10-க்குக் கீழ போனா வெறும் உப்புக்கு வேகம் குறைஞ்சிடும்.

உங்க மாப்பிள்ளை 23-ஆம் தேதின்னு போட்டிருக்கார். 2022-ல அதே டிசம்பர் 23-ஆம் தேதி, பெரிய பனிப்புயல்ல, ஓஹையோ டர்ன்பைக்ங்கிற டோல் ரோட்ல 40-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒண்ணு மேல ஒண்ணு மோதி நாலு பேர் இறந்தாங்க. அதுல பெரிய லாரிகளும் உண்டு. அன்னைக்கு வீட்டுல உக்காந்திருந்தவங்க எல்லாம் 26, 27-ல பத்திரமாக் கிளம்பினாங்க. தேதியைப் பூட்டாதீங்கன்னு சொல்ல வர்றேன். அஞ்சாறு நாள் இடைவெளி வச்சுக்கங்க. தேசிய வானிலை சேவை சொல்றதைப் பாத்துட்டு, தொடர்ந்து ரெண்டு நாள் காஞ்ச ரோடு கிடைக்கிற காலையில எடுங்க. நாக்ஸ்வில் தாண்டிட்டா ஐஸ் பயம் பெரும்பாலும் குறைஞ்சிடும்.

வழியில கவனிக்க வேண்டியது நாலு இடம். சின்சினாட்டியில ஊருக்குள்ள போகாம ஐ-275 சுத்துச்சாலையில போயிடுங்க. கென்டக்கி தாண்டி டென்னஸி நுழையுற ஜெல்லிக்கோவுல ஏற்ற இறக்கம் உண்டு. பனி மூட்டம், மழை, பனி எது இருந்தாலும் மேல ஏறாதீங்க, கீழயே தங்கிடுங்க. அட்லாண்டாவுல ஐ-285 பிடிங்க, காலை மாலை ஆபீஸ் நேரம் வேணாம். மேக்கன்ல ஐ-475 எடுத்தா ஊரே வராது.

பனிமூட்டம்னதும் ஞாபகம் வருது. 1990 டிசம்பர் 11-ல இதே ஐ-75ல, டென்னஸி கால்ஹூன் பக்கம் மூட்டத்துல 99 வண்டிகள் மோதி 12 பேர் போனாங்க. அதுக்கப்புறம் அங்க மூட்டம் வந்தா எச்சரிக்கிற பலகை, வேகத்தைக் குறைக்கிற ஏற்பாடெல்லாம் வச்சாங்க. பலகை எரிஞ்சா மதிங்க.

டோல்கேட் டிரைவர்

தம்பி, தேதியைப் பூட்டாதேன்னு நீ சொன்னதைத்தான் நான் வேற மாதிரி மாப்ள கிட்ட சொன்னேன். ஹார்பர்ல புயல் கூண்டு ஏத்திட்டா எவ்ளோ அவசர சரக்கா இருந்தாலும் கிரேன் நின்னுடும். கப்பல்காரன் கத்துவான், கம்பெனிக்காரன் போன் மேல போன் போடுவான். கூண்டு இறங்குற வரைக்கும் யாரும் அசைய மாட்டான். 2023-ல மிக்ஜாம் வந்தப்போ கூட லீவு போயிடும், புக்கிங் போயிடும்னு கிளம்புனவன் யாரு? உனுக்கு ஜனவரி 2 ஆபீஸுன்னா அது ஆபீஸோட பிரச்சனை, ரோடு அதைப் பாத்துக்கினு உருகாதுன்னேன். லேப்டாப்பை எடுத்தாந்து டாம்பாவுல இருந்து ஒரு வாரம் வேலை பாக்க அனுமதி கேக்குறாராம்.

வீட்டம்மாவும் பொண்ணும் பசங்களும் ஃபிளைட்டு. இதை நான் சொல்லக்கூட இல்ல, தங்கச்சி எழுதுனதைப் படிச்சுக் காமிச்சேன். "யாரு பெத்த மவராசியோ"ன்னுச்சு. ஜெனரேட்டரும் சைக்கிளும் வீட்டுலயே இருக்கட்டும்னு பொண்ணு சொல்லிடுச்சு. கரி அடுப்பை மட்டும் மாப்ள விட மாட்டேங்கிறார்.

ஜெல்லிக்கோ இறக்கத்துக்கு நமக்கு ஒரே சட்டம்தான், எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்கு. ஆட்டோ கியர்ல அதுக்குன்னு டிரெய்லர் பட்டன் ஒண்ணு இருக்குதாமே, அதைப் போட்டா தானா கீழ் கியர்ல நிக்குமாம். சரி.

ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இன்டர்நேஷனல் பெர்மிட்டுக்கு எழுதிக் குடுத்துட்டேன், ஒரு வருஷம் செல்லும்ன்றாங்க. லைசென்ஸும் கூட வெச்சிருக்கணும். மாப்ளையோட இன்சூரன்ஸ்ல என் பேரைச் சேக்கச் சொல்லியிருக்கேன், சேக்குற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்.

கடைசியா ஒரு கேள்வி. நமக்கு ஸ்டியரிங்கு வலது பக்கம், அதனால கண்ணுக்குத் தெரியாத பக்கம் இடது. ரிவர்ஸ்னா எப்பவும் வலது பக்கம் தலையை நீட்டிப் பாத்துக்கினே மடக்குவோம். அங்க ஸ்டியரிங்கு இடது பக்கம், எல்லாம் தலைகீழு. அந்த கேம்ப் எடத்துல வண்டிய உள்ள விடும்போது எந்தப் பக்கமா வரணும்?

கல்மண்டபம் டு டாம்பா

டிரைவர் பக்கமா மடக்குற மாதிரி, அதாவது எடம் உங்க இடது கைப்பக்கம் இருக்கிற மாதிரி சுத்திக்கிட்டு வாங்கண்ணே. ஜன்னல்ல தலையை நீட்டினா டிரெய்லரோட வால் வரைக்கும் தெரியும். ஒண்ணு மட்டும் ஞாபகம், நீங்க ஓட்டின 40 அடியை விட இது நீளம் கம்மி, அதனால டக்குனு திரும்பிடும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. எதுக்கு இந்தத் தலைவலி, புக் பண்ணும்போதே புல் த்ரூ சைட்டுன்னு கேளுங்க. முன்னாடி நுழைஞ்சு அப்படியே நேரா வெளிய போயிடலாம், ரிவர்ஸே வேணாம்.

டோல்கேட் டிரைவர்

தங்கச்சி, மாப்ள ஓட்டுற அன்னைக்கு அந்த புல் த்ரூ எடம். நான் ஓட்டுற அன்னைக்கு ரிவர்ஸ்ல விடுற எடமாவே போடச் சொல்லிட்டேன்.